விகுதிகளின் கதை – 9: விஷத்துக்கு வெண்ணெய் என்று பெயர்

சென்ற வாரம் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் நிறுத்தியிருந்தோம். வாக்கியம் வாக்கியமாக வருணிக்கப்பட்டுவந்த செடிகொடிகளுக்கு 1753-ல் லின்னேயஸ் இரண்டே சொற்களில் பெயர் கொடுத்தார். முதற்சொல் குடும்பத்தைச் சொன்னது; இரண்டாம் சொல் அந்தக் குடும்பத்தில் அது எந்தப் பிள்ளை என்று சொன்னது. அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த டோர்பெர்ன் பெர்க்மன், செடிக்குச் செய்ததை உப்புக்கும் உலோகத்துக்கும் செய்துவிட வேண்டும் என்று தவித்தார். 1784-ல் அவர் கண்மூடியபோது அந்த வேலை பாதியில் கிடந்தது.

அதை எடுத்து முடித்தவர்கள் பிரான்சில் இருந்தார்கள்.

சல்பேட், சல்பைட், சல்பைடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் தடுமாறும் இந்த மூன்று வால்களும் எப்படி வந்தன என்பதுதான் இந்த வாரத்துக் கதை. இத்தொடரில் இதுவரை பார்த்த விகுதிகள் எல்லாம் மக்கள் வாயில் நூற்றாண்டுக் கணக்கில் உருண்டு, தேய்ந்து, தாமாக உருவானவை. யார் முதலில் சொன்னார், எந்த ஊரில் சொன்னார் என்று அவற்றில் எதற்கும் காட்ட முடியாது. இவை அப்படி அல்ல. நான்கு பேர் ஓர் ஊரில் கூடிப் பேசி உண்டாக்கியவை. ஊர் தெரியும், ஆண்டு தெரியும், நாள்கூடத் தெரியும்.

* * *

மருந்துக்கடை அலமாரி

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தால், அலமாரியில் இருக்கும் சீசாக்களைப் படித்ததும் சமையலறைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆன்டிமனி வெண்ணெய். ஈயச் சர்க்கரை. சுண்ணாம்புப் பால். வித்ரியோல் எண்ணெய். பக்கத்திலேயே துத்தநாகப் பூ, கந்தக ஈரல்.

வெண்ணெய் என்று பெயர் பெற்றது தோலை அரிக்கும் விஷம். எண்ணெய் என்று பெயர் பெற்றது அடர்ந்த கந்தகத் திராவகம். கொழகொழவென்று ஒழுகுவதால் எண்ணெய். ஈயச் சர்க்கரை உண்மையிலேயே இனிக்கும். அதனாலேயே புளித்த திராட்சை மதுவில் அதைக் கலந்தவர்கள் உண்டு. குடித்தவர்களின் உடம்பில் ஈயம் ஏறியது.

கண்ணுக்குத் தெரிந்த நிறம், நாக்குக்குத் தெரிந்த ருசி, கைக்குத் தெரிந்த பதம். பெயர் வைத்தவர்களுக்கு இவைதான் கைகொடுத்தன. இவை எதுவும் கிடைக்காதபோது ஆளின் பெயரோ ஊரின் பெயரோ உதவியது. கிளாபர் என்ற ஜெர்மன் மருத்துவ வேதியியலார் கண்டெடுத்தது கிளாபர் உப்பு. இங்கிலாந்தில் ஏப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரைக் காய்ச்சி எடுத்தது ஏப்சம் உப்பு. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கும் கேட்டு வாங்குகிற அதே உப்பு.

நம் நாட்டு மருந்துக்கடையிலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதில்லை. அன்னபேதி, மயில்துத்தம் என்று அழகான பெயர்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. ஒன்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு, மற்றது செம்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பெயரைக் கேட்டு அந்த உறவைக் கண்டுபிடிக்க வழியில்லை. தெரிந்த வைத்தியர் சொல்லிக் கொடுத்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. ஒரே பொருளுக்குப் பல பெயர். இன்று பொட்டாசியம் சல்பேட் என்று ஒற்றைப் பெயரில் அழைக்கப்படும் வெள்ளை உப்பு, அன்று ‘ஆர்க்கானம் டூப்ளிக்கேட்டம்’ என்று ஒரு புத்தகத்தில் இருக்கும். இன்னொன்றில் ‘சால் டி டுவோபஸ்’. வேறொன்றில் ‘வித்ரியோல் ஏற்றிய டார்ட்டர்’. மூன்றும் ஒன்றுதான் என்று அறியவே ஒரு மாணவனுக்குப் பல மாதம் பிடிக்கும். அறியாமல் போனால், ஒரே மருந்தை மூன்று மருந்து என்று நம்பி நோயாளிக்குக் கொடுக்கவும் நேரும்.

* * *

டிஜோன் வக்கீல்

இந்தக் குழப்பத்தைப் பொறுக்க முடியாமல் முதலில் எழுந்தவர் வேதியியலைத் தொழிலாகக் கொண்டவரே இல்லை. பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள டிஜோன் நகரின் உயர்நீதி மன்றத்தில் அரசு வழக்கறிஞர். பெயர் லூயி பெர்னார் கீத்தோன் த மோர்வோ. பகலில் வழக்கு, மிச்ச நேரத்தில் குடுவையும் அடுப்பும்.

மனிதர் எதையும் செய்து பார்த்துவிடும் ரகம். 1773-ல் டிஜோன் பெரிய தேவாலயத்தில் பிணங்கள் புதைத்த நிலவறையிலிருந்து எழுந்த நாற்றம் தாங்காமல் வழிபாடே நின்றுபோனது. கீத்தோன் போனார். சாப்பாட்டு உப்பின்மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றச் செய்தார். மூக்கைத் துளைக்கும் ஆவி எழுந்து நிலவறை முழுக்கப் பரவியது, நாற்றம் ஒழிந்தது. 1784-ல் அதே ஊரிலிருந்து பலூனில் ஏறி வானத்தில் பறந்தார். உப்பிலிருந்து எழுந்த அந்த ஆவியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அது மறுபடி வரும்.

ஒரு பெரிய கலைக்களஞ்சியத்துக்கு வேதியியல் பகுதியை எழுதும் பொறுப்பு கீத்தோனிடம் வந்தது. எழுத உட்கார்ந்தவருக்குப் பேனா ஓடவில்லை. ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதற்கு உள்ள நாலைந்து பெயர்களில் எதை எடுப்பது?

1782-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சட்டம் படித்தவர் அல்லவா, விதிகளாகவே எழுதினார். பொருளுக்கு நீண்ட வருணனை வேண்டாம், பெயர் வேண்டும். அந்தப் பெயர் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு பொருந்த வேண்டும். உள்ளே இருப்பது தெரியாதென்றால், தவறான எண்ணம் தரும் பெயரைவிட எந்த எண்ணமும் தராத பெயரே மேல். புதுச் சொல் தேவைப்பட்டால், யாரும் பேசாத பழைய மொழிகளிலிருந்து வேர் எடுக்க வேண்டும்.

உப்சாலாவிலிருந்து பெர்க்மன் அவரை உற்சாகப்படுத்திக் கடிதம் எழுதினார். பொருந்தாத பெயர் ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள், ஏற்கெனவே தெரிந்தவர்கள் எப்படியும் புரிந்துகொள்வார்கள், இனிமேல் படிக்க வருகிறவர்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள் என்பது அதன் சாரம். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மனிதர், தான் காணப்போகாத மாணவர்களுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். இத்தொடரில் வரும் எத்தனையோ அறிஞர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இந்தப் பெர்க்மன்தான்.

கீத்தோனின் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெயர் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றார் சரி. உள்ளே இருப்பது எது என்பதிலேயே உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றதே!

* * *

ஒரு காற்றுக்கு நான்கு பெயர்

விறகு எரிகிறது. சாம்பல் மிஞ்சுகிறது. என்ன நடந்தது?

ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறியது என்றார்கள் அக்காலத்து வேதியியலார். எரியக்கூடிய எல்லாப் பொருளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது, எரியும்போது கழன்று போகிறது. ஜெர்மனியில் பிறந்த இந்தக் கொள்கையை இரண்டு தலைமுறை நம்பியிருந்தது.

1772 நவம்பர் 1-ஆம் தேதி, பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலரிடம் 29 வயது இளைஞர் ஒருவர் முத்திரையிட்ட உறை ஒன்றைக் கொடுத்தார். கந்தகத்தையும் பாஸ்பரசையும் எரித்தால் எடை குறையவில்லை, கூடுகிறது என்று அதில் எழுதியிருந்தது. எடை கூடியிருந்தால் ஏதோ உள்ளே வந்திருக்கிறது. காற்றிலிருந்து வந்திருக்கிறது. தனக்கு முன் வேறு யாரும் இதைச் சொல்லிவிடக்கூடாதே என்றுதான் முத்திரை. அந்த இளைஞர் அன்டோயின் லவாய்சியர்.

எது உள்ளே வந்தது? 1774-ல் இங்கிலாந்தின் ஜோசப் ப்ரீஸ்ட்லி பாதரசச் செந்தூள் ஒன்றைச் சூடாக்கி, மெழுகுவத்தி பிரமாதமாக எரியும் ஒரு காற்றைப் பிடித்தார். ஃப்ளோஜிஸ்டனை நம்பியவர் ஆதலால் ‘ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்று பெயரிட்டார். அதே காற்றைத் தனியாகக் கண்டுபிடித்திருந்த ஸ்வீடன் மருந்தாளர் ஷீலே ‘நெருப்புக் காற்று’ என்றார். லவாய்சியர் முதலில் ‘மூச்சுக்கு மிகவும் உகந்த காற்று’ என்றார். ‘உயிர்க் காற்று’ என்ற பெயரும் புழங்கியது.

இன்று நாம் ஆக்சிஜன் என்று சொல்கிற அதே ஒரே காற்று. ஒவ்வொரு பெயரும் ஒரு கட்சி. ‘ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்று வாயால் சொல்லிக்கொண்டே ஃப்ளோஜிஸ்டன் இல்லை என்று வாதாட யாராலும் முடியாது. வாதத்தில் வெல்ல வேண்டுமானால் முதலில் சொல்லை மாற்ற வேண்டும் என்று லவாய்சியர் உணர்ந்த இடம் இது.

* * *

1787, பாரிஸ்

1787 தொடக்கத்தில் கீத்தோன் டிஜோனிலிருந்து பாரிசுக்கு வந்தார். அப்போதும் அவர் ஃப்ளோஜிஸ்டன் கட்சிதான்.

லவாய்சியர் அரசு வெடிமருந்துத் துறையின் ஆணையர். வீடும் சோதனைக்கூடமும் வெடிமருந்துச் சாலை வளாகத்திலேயே இருந்தன. ஐரோப்பாவிலேயே நுட்பமான தராசுகள் அங்கே இருந்தன. வரிவசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்ததால் பணத்துக்குக் குறைவில்லை. சம்பாதித்ததைக் கருவிகளில் கொட்டினார். அவருடைய மனைவி மரீ ஆன் ஆங்கிலம் கற்று, கணவருக்குத் தெரியாத அம்மொழியிலிருந்து ஆய்வுகளை மொழிபெயர்த்தார்; சோதனைக் கருவிகளைத் தம் கையால் வரைந்தார்.

அந்த வீட்டில் கீத்தோன் மனம் மாறினார். தராசு காட்டியதை வக்கீலால் மறுக்க முடியவில்லை.

இதுதான் திருப்புமுனை. கீத்தோனிடம் பெயர் வைக்கும் முறை இருந்தது, சரியான கொள்கை இல்லை. லவாய்சியரிடம் கொள்கை இருந்தது, முழுமையான முறை இல்லை. இருவரும் சேராமல் போயிருந்தால், லவாய்சியரின் கண்டுபிடிப்புகள் பழைய பெயர்களிலேயே எழுதப்பட்டு இன்னும் ஐம்பது வருடம் சண்டையில் கழிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே லவாய்சியர் பக்கம் வந்துவிட்ட இருவர் துணைக்கு இருந்தார்கள். 38 வயது கிளோத் லூயி பெர்த்தோலே, மருத்துவம் படித்தவர். 31 வயது அன்டோயின் ஃபூர்க்ருவா. அவர் பாடம் எடுத்தால் கூட்டம் கூடும் என்று பெயர் பெற்றவர். கீத்தோனுக்கு 50, லவாய்சியருக்கு 43.

1787 ஏப்ரல் 18. அறிவியல் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் லவாய்சியர் எழுந்து தம் உரையைப் படித்தார். மொழி என்பது எண்ணத்தை வெளியிடும் கருவி மட்டும் இல்லை, ஆராயும் கருவியும் அதுதான் என்றார். தத்துவ அறிஞர் காந்தியாக்கிடமிருந்து கற்ற பாடம் அது. தவறான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு சரியான எண்ணத்தை எட்ட முடியாது என்பது அவர் கட்சி. மே 2-ஆம் தேதி கீத்தோன் எழுந்து விவரங்களை எடுத்துவைத்தார். அவ்வாண்டே நால்வர் பெயரையும் தாங்கி ‘வேதியியல் பெயரிடும் முறை’ என்ற நூல் வெளிவந்தது. மடித்து வைத்த பெரிய அட்டவணை ஒன்று அதற்குள் இருந்தது.

* * *

வாலில் இருக்கிறது கணக்கு

அந்த அட்டவணையில்தான் நம் விகுதிகள் பிறந்தன.

‘வந்தான்’ என்றால் ஆண், ‘வந்தாள்’ என்றால் பெண், ‘வந்தது’ என்றால் அஃறிணை. ‘வா’ என்ற வேர் மாறவில்லை. வந்தவர் யார் என்பதை ஈறு சொல்லிவிடுகிறது. தமிழ் பேசுகிற நமக்கு இது இயல்பு. நால்வர் செய்ய நினைத்ததும் இதேதான்: வேர் எந்தப் பொருள் என்று சொல்ல வேண்டும், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வால் சொல்ல வேண்டும்.

கந்தகத்தை எடுத்துக்கொள்வோம். எரித்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து மூச்சடைக்கும் வாயு வரும். நீரில் கரைத்தால் ஒரு மெல்லிய அமிலம். இன்னும் கூடுதல் ஆக்சிஜன் சேர்ந்தால் வலிய அமிலம். இரண்டிலும் கந்தகம்தான், ஆக்சிஜன்தான். அளவுதான் வேறு. அந்த அளவை எப்படிப் பெயரில் ஏற்றுவது?

ஆக்சிஜன் கூடுதலாக உள்ள அமிலத்துக்கு ‘-இக்’ வால்: சல்ப்யூரிக். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியே வந்த பழைய ஈறு. ‘அதைச் சார்ந்த’ என்று பொருள்.

ஆக்சிஜன் குறைவாக உள்ளதற்கு ‘-அஸ்’ வால்: சல்ப்யூரஸ். லத்தீனில் இது ‘நிறைந்த’ என்று பொருள்படும் ‘-ஓசுஸ்’. ஆபத்து நிறைந்தது டேஞ்சரஸ், புகழ் நிறைந்தவர் ஃபேமஸ் என்று ஆங்கிலம் முழுக்க வருகிற அதே வால். ஆக்சிஜன் குறைந்தால் கந்தகத்தின் பங்கு மிகுகிறது. கந்தகம் நிறைந்தது என்று சொன்னது பொருத்தம்தான்.

அடுத்து அமிலத்திலிருந்து பிறக்கும் உப்புகள். ‘-இக்’ அமிலத்தின் உப்புக்கு ‘-ஏட்’: சல்பேட். ‘செய்யப்பட்டது, ஆக்கப்பட்டது’ என்ற பொருளில் லத்தீன் வினைகளின் பின்னால் வரும் ஈறு அது. ‘-அஸ்’ அமிலத்தின் உப்புக்கு என்ன செய்வது?

இங்கேதான் துணிந்தார்கள். ‘-ஏட்’ என்பதில் உயிரெழுத்து ஒன்றை மட்டும் மாற்றி ‘-ஐட்’ என்று ஒரு வாலைப் புதிதாகச் செய்தார்கள்: சல்பைட். பழைய மொழி எதிலும் இந்தப் பொருளில் அது கிடையாது. பென்சில் கரியைக் குறிக்கும் கிராஃபைட்டில் வருவது கிரேக்க வழியில் கற்களுக்கும் கனிமங்களுக்கும் வந்த வேறொரு ஈறு. ஒலியில் மட்டும் ஒற்றுமை. வேதியியல் ‘-ஐட்’ ஒரே ஓர் உயிரெழுத்தின் வித்தியாசத்தில் ஆக்சிஜன் கூடவா குறைவா என்று சொல்வதற்கென்றே வார்க்கப்பட்டது.

மூன்றாவது வால் பிறந்த விதம் இன்னும் விசித்திரம். ஆக்சிஜன் சேர்ந்த, ஆனால் அமிலமாக மாறாத பொருள்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘ஆக்சிஜன்’ என்பதன் தலையையும் ‘ஆசிட்’ என்பதன் பிரெஞ்சு வடிவமான ‘அசீத்’தின் வாலையும் ஒட்டி ‘ஆக்சைடு’ ஆக்கினார்கள். அதாவது ‘-ஐடு’ என்பது விகுதியே இல்லை. இன்னொரு சொல்லிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. பின்னால் வந்தவர்கள் அதை விகுதி என்றே எடுத்துக்கொண்டு குளோரைடு, கார்பைடு, சல்பைடு என்று எல்லாவற்றிலும் ஒட்டினார்கள். இரண்டு தனிமங்கள் மட்டும் சேர்ந்த பொருளுக்கு இன்றைக்கு உலகமெங்கும் அதுதான் அடையாளம்.

நால்வர் சல்பைடுக்கு வைத்த வால் வேறு. பிரெஞ்சில் ‘-யூர்’ என்றார்கள்; ஆங்கிலம் அதை ‘-யூரெட்’ ஆக்கி, சல்ப்யூரெட், கார்ப்யூரெட் என்று எழுதியது. 19-ஆம் நூற்றாண்டில் ‘-ஐடு’ வந்து அந்த வாலைத் துரத்திவிட்டது. ஆனால் அது முழுக்கச் சாகவில்லை. பழைய மோட்டார் சைக்கிளைத் திறந்து மெக்கானிக் சுத்தம் செய்கிற ‘கார்புரேட்டர்’ இருக்கிறதே, கார்பன் கலக்க வைப்பது என்ற பொருளில் அந்தச் செத்த விகுதியைச் சுமந்துகொண்டு நிற்கும் சொல் அது.

இப்போது பழைய அலமாரிக்குத் திரும்பிப் பாருங்கள். ஆர்க்கானம் டூப்ளிக்கேட்டம், சால் டி டுவோபஸ், வித்ரியோல் ஏற்றிய டார்ட்டர் மூன்றும் போய்ப் ‘பொட்டாஷ் சல்பேட்’ என்று ஒன்றே நின்றது. கிளாபர் உப்பு ‘சோடா சல்பேட்’. ஏப்சம் உப்பு ‘மக்னீசியா சல்பேட்’. உறவே தெரியாமல் தனித்தனிச் சீசாவில் இருந்தவை ஒரே குடும்பம் என்று பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையின் அட்டையில் ‘ஃபெரஸ் சல்பேட்’ என்று போட்டிருக்கும். நம் அன்னபேதியும் அடிப்படையில் அதே பொருள்தான். பெயரில் இரண்டு வால்: இரும்பு எந்த நிலையில் உள்ளது என்பதை ‘-அஸ்’ சொல்கிறது, கந்தகம் எந்த நிலையில் உள்ளது என்பதை ‘-ஏட்’ சொல்கிறது. உலோகத்துக்கும் அந்த வாலை நீட்டியது அடுத்த தலைமுறை.

* * *

கால்வாயைத் தாண்டி

அறிவியல் கழகம் உடனே கைதட்டிவிடவில்லை. நூலை ஆராய நியமித்த குழுவில் பழைய கட்சிக்காரர்கள் இருந்தார்கள். திரவங்களின் அடர்த்தியை அளக்கும் ‘போமே’ அளவுக்குப் பெயர் தந்த அன்டோயின் போமே அவர்களில் ஒருவர். ஜூன் 13-ல் வந்த அறிக்கை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காலம் தீர்ப்புச் சொல்லட்டும் என்றது. அச்சிட மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

1788-லேயே லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. விகுதிகள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே இறங்கின. பிரெஞ்சு ‘-ஈக்’ ‘-இக்’ ஆனது. ‘-அத்’ ‘-ஏட்’ ஆனது. ‘-ஈத்’ ‘-ஐட்’ ஆனது. வேரும் வாலும் லத்தீன், கிரேக்கச் சரக்கு என்பதால் எல்லையில் யாரும் தடுக்கவில்லை. செத்த மொழிகளிலிருந்து எடுங்கள் என்று கீத்தோன் 1782-ல் எழுதிய விதி இங்கே பலன் கொடுத்தது. பிரெஞ்சு வேர்களைப் போட்டிருந்தால் ஆங்கிலேயர் அதைத் தொட்டிருப்பார்களா?

1789-ல் லவாய்சியரின் பாடநூல் வந்தது. பிரிக்க முடியாத எளிய பொருள்கள் 33 என்று பட்டியலிட்டு, முழுக்கப் புதுப் பெயர்களிலேயே எழுதப்பட்ட நூல். அதைப் படித்து வளர்ந்த மாணவனுக்கு ஃப்ளோஜிஸ்டனைச் சொல்லச் சொல்லே இல்லை. அயர்லாந்துக்காரர் கர்வன் ஃப்ளோஜிஸ்டனுக்கு வக்காலத்து வாங்கி எழுதிய நூலை மரீ ஆன் 1788-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே லவாய்சியர் குழுவினர் மறுப்பு எழுதிச் சேர்த்தார்கள். 1791-ல் கர்வனே தோல்வியை ஒப்புக்கொண்டார். ப்ரீஸ்ட்லி மட்டும் அசையவில்லை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1804-ல் இறக்கும் வரை தாம் கண்டுபிடித்த காற்றைப் பழைய கொள்கையிலேயே பார்த்தார்.

* * *

ஃப்ளோரேயால் 19

பிரெஞ்சுப் புரட்சியும் விகுதிகளை விட்டுவைக்கவில்லை. 1793-ல் மாதப் பெயர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தார்கள். இலையுதிர்கால மாதங்கள் மூன்றுக்கும் ‘-ஏர்’ ஈறு. குளிர்கால மாதங்களுக்கு ‘-ஓஸ்’: பனி நிறைந்த நிவோஸ், மழை நிறைந்த ப்ளுவியோஸ், காற்று நிறைந்த வாந்தோஸ். சல்ப்யூரசில் பார்த்த அதே லத்தீன் ‘-ஓசுஸ்’தான். இளவேனிலுக்கு ‘-ஆல்’. கோடைக்கு ‘-தோர்’. வாலைக் கேட்டால் பருவம் தெரியும். வேர் மாறும், வால் வகை சொல்லும் என்று ஆறு வருடம் முன்பு வேதியியலில் கையாண்ட அதே வழி நாட்காட்டியிலும் வந்துவிட்டது.

அவ்வாண்டு நவம்பரில் லவாய்சியர் கைதானார். குற்றம் வேதியியல் இல்லை; வரிவசூல் குத்தகை. மக்களின் வெறுப்பெல்லாம் அந்தக் குத்தகைக்காரர்கள்மேல் குவிந்திருந்தது. பெயர் நூலில் அவரோடு கையெழுத்திட்ட கீத்தோனும் ஃபூர்க்ருவாவும் அப்போது நாட்டை ஆண்ட தேசிய மாமன்றத்தின் உறுப்பினர்கள். கீத்தோன் மன்னரின் மரணதண்டனைக்கு வாக்களித்தவர். நண்பரின் உயிர் அதனால் பிழைக்கவில்லை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

புதிய நாட்காட்டியின்படி இரண்டாம் ஆண்டு, ஃப்ளோரேயால் 19. பழைய கணக்கில் 1794 மே 8. மற்றக் குத்தகைக்காரர்களோடு சேர்த்து 28 பேரின் தலைகள் கில்லட்டினில் விழுந்தன. மரீ ஆனின் தந்தையும் அவர்களில் ஒருவர். ஒரே நாளில் அவர் தகப்பனையும் கணவனையும் பறிகொடுத்தார். லவாய்சியருக்கு வயது 50.

அந்த நாட்காட்டி 1805-ன் முடிவோடு கைவிடப்பட்டது. சல்பேட்டும் சல்பைட்டும் நிலைத்தன.

* * *

பெயரில் ஒரு பிழை

வால்கள் ஏன் நிலைத்தன என்று யோசித்தால் எனக்குப் படுவது இது. அவை எந்தக் கொள்கையையும் சுமக்கவில்லை. ஆக்சிஜன் எவ்வளவு என்ற ஒரே கணக்கைத்தான் சொல்லின. கணக்கு தராசில் சரியாக இருந்தது.

ஆனால் ஒரு வேர்ச்சொல்லில் லவாய்சியர் தம் கொள்கையை ஏற்றியிருந்தார். அது ஆக்சிஜனேதான். ‘ஆக்சிஸ்’ என்றால் கிரேக்கத்தில் கூர்மை, புளிப்பு. ‘-ஜன்’ என்பதைப் ‘பிறப்பிப்பது’ என்ற பொருளில் வைத்தார். கிரேக்கத்தில் அந்த ஈற்றுக்குப் ‘பிறந்தது’ என்றுதான் பொதுவாகப் பொருள். அந்தக் குறையை விட்டுவிடுவோம். ஹைட்ரஜன் நீரைப் பிறப்பிப்பது. நைட்ரஜன் என்று 1790-ல் ஷாப்தால் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் நோயைப் பிறப்பிக்கும் பேத்தோஜன் வரைக்கும் அந்த வால் நீண்டுவிட்டது.

ஆக்சிஜன் என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது, அமிலத்தை உண்டாக்குவது. அமிலம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று அந்தப் பெயர் அடித்துச் சொல்கிறது. கந்தகத்தில் அது உண்மை. பாஸ்பரசில் உண்மை. கரியில் உண்மை.

டிஜோன் தேவாலய நிலவறையில் கீத்தோன் எழுப்பிய ஆவி? சாப்பாட்டு உப்பிலிருந்து வரும் அந்த அமிலத்துக்கு, உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘மியூரியாடிக்’ என்று பெயரிட்டு, அதற்குள்ளும் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது, இன்னும் பிடிபடவில்லை என்று அட்டவணையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பிடித்துவிடலாம் என்று நம்பினார்கள்.

நால்வரில் ஒருவரான பெர்த்தோலே, பெயர் நூல் வெளிவந்த அதே 1787-ல், நீல வண்ணச் சாயத்திலிருந்து வரும் பிரஸ்ஸிக் அமிலத்தைப் பிரித்துப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லை. அது கொள்கையை உடனே அசைத்துவிடவில்லை. விதிவிலக்கு என்று ஒதுக்க முடிந்தது.

ஷீலே 1774-ல் மியூரியாடிக் அமிலத்திலிருந்து பச்சை மஞ்சள் நிறத்தில் நெடியடிக்கும் ஒரு வாயுவை எடுத்திருந்தார். அமிலத்தோடு ஆக்சிஜன் மிகுதியாகச் சேர்ந்த பொருள் அது என்று பெர்த்தோலே நம்பினார்; துணி வெளுக்கவும் அதைப் பயன்படுத்திக் காட்டினார். பாரிசில் கே-லுஸாக்கும் தெனாரும் 1809-ல் அந்த வாயுவைப் பழுக்கக் காய்ந்த கரியின்மேல் செலுத்தினார்கள். ஆக்சிஜன் இருந்தால் கரி அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். கரி எதையும் பிடுங்கவில்லை. கண் எதிரே நின்ற முடிவைச் சொல்ல அவர்களுக்குத் துணிவு வரவில்லை.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் அதே சோதனையை மின்கலத்தின் வெப்பத்தில் திரும்பச் செய்துகொண்டிருந்தார். கரி வெண்ணிறமாகக் கனன்றது. வாயு அப்படியே இருந்தது.

1810 நவம்பரில் அவர் ராயல் சொசைட்டியின் முன் எழுந்து நிற்கப் போகிறார். ஆக்சிஜன் இல்லாமலே அமிலம் உண்டு என்று மெய்ப்பட்டால், ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்ற பெயரை என்ன செய்வார்கள்? யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பச்சை வாயுவுக்கு டேவி எந்த வாலை ஒட்டப் போகிறார்?

(தொடரும்)